பழைய போர்க்கப்பலுக்கு எத்தனை ஆயுள்?

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை. மட்டக்களப்புக்கு அப்பால் கரையை அண்டிச் சென்றுகொண்டிருந்த ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய மிதவை விமானம் ஒன்று கண்டுபிடித்தது. அந்த விமானம் ஹருனா என்ற போர்க்கப்பலிலிருந்து பறந்து வந்தது. நண்பகலுக்கு முன்பே ஹெர்மீஸ் கடலடிக்குப் போய்விட்டது. கப்டன் றிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். மட்டக்களப்பில் இந்தக் கதை தெரியாதவர் குறைவு. கப்பல் இப்போதும் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது, வெளிநாட்டுச் சுழியோடிகள் அதைப் பார்க்கவென்றே வருகிறார்கள். ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. கண்டுபிடித்த கப்பல், கண்டுபிடிக்கப்பட்ட கப்பலைவிட வயதில் மூத்தது. ஹருனா சேவைக்கு வந்தது 1915இல். ஹெர்மீஸ் வந்தது 1924இல்.

வயது போன போர்க்கப்பல்களைப் புதுப்பித்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா, உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வியை எல்லாக் கடற்படைகளும் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பணக்கார நாடுகளுக்கு அது கணக்குச் சிக்கல். இலங்கை போன்ற நாட்டுக்கு அதுதான் கடற்படையின் முழுக் கதையுமே. இந்தக் கேள்வியை ஆராய எங்கள் கடலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். புதுப்பிக்கப்பட்ட பழைய கப்பல், புதுப்பிக்கப்படாத பழைய கப்பல், புத்தம் புதுக் கப்பல் மூன்றும் ஒரே நாளில் இங்கே சோதனைக்கு வந்தன.

ஹெர்மீஸைக் குறை சொல்வது எளிது. விமானந்தாங்கி என்றே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல்களில் ஒன்று அது. 1918 ஜனவரியில் ஆம்ஸ்ட்ரோங் விற்வேர்த் கட்டுந்தளத்தில் அடிமரம் வைத்தார்கள். அப்போது விமானந்தாங்கி எப்படி இருக்க வேண்டும் என்று உலகில் யாருக்கும் சரியாகத் தெரியாது. போர் முடிந்ததும் வேலை மந்தமானது, வரைபடம் பலமுறை திருத்தப்பட்டது. ஆறு ஆண்டு கழித்துக் கப்பல் வந்தபோது 10,850 தொன் எடை, ஏறத்தாழ 183 மீற்றர் நீளம், மணிக்கு 25 கடல்மைல் வேகம், 20 விமானங்கள். 1924இன் விமானங்களுக்கு அது போதும். அன்றைய பிளைகச்சர் போர்விமானம் ஒன்றரைத் தொன்னைக்கூடத் தொடாது. 1939இல் கப்பலில் ஏறிய ஸ்வோர்ட்பிஷ் விமானமோ சுமையோடு மூன்று தொன்னைத் தாண்டும். இருபது விமானங்களுக்காக வரைந்த கப்பல் பன்னிரண்டோடு நின்றது. விமானங்கள் பெருத்தன, கப்பல் பெருக்கவில்லை.

ஹெர்மீஸுக்குப் பெரிய பழுதுபார்ப்புகள் நடக்காமல் இல்லை. இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் வடங்கள் பொருத்தினார்கள், சில இயந்திரத் துப்பாக்கிகளைக் கூட்டினார்கள். ஆனால் உடலைத் திறந்து, இயந்திரத்தை மாற்றி, கப்பலை மறுபிறவி எடுக்க வைக்கும் வேலை நடக்கவேயில்லை. வேகத்தைக் கூட்டுவதென்றால் புதிய இயந்திரத் தொகுதி வேண்டும். அதற்கு இடமில்லை. மேலே கனமான விமான எதிர்ப்புப் பீரங்கிகளை ஏற்றினால் கப்பல் ஆடும். கட்டளைக் கோபுரமும் புகைபோக்கியும் வலப்புறமாகத் துருத்தி நிற்கும் ஒடுக்கமான உடல் அது. எவ்வளவு செலவழித்தாலும் சின்னக் கப்பல் சின்னக் கப்பல்தான் என்று கணக்குப் போட்டவர்கள் அதை 1937இல் கையிருப்புக்குத் தள்ளி, அடுத்த ஆண்டு பயிற்சிக் கப்பலாக்கினார்கள். நான் அந்த முடிவைத் தவறென்று சொல்லமாட்டேன். தவறு அதன் பிறகுதான் நடந்தது. போர் வந்ததும் பயிற்சிக் கப்பலைத் தூசி தட்டி முன்னணிக்கு அனுப்பினார்கள். முடிவு ஒன்று, பாவனை வேறொன்று.

கடைசி நாளில் அந்தக் கப்பலில் ஒரு விமானமும் இல்லை. மடகஸ்கார் தாக்குதலுக்கான ஆயத்தத்துக்காகத் திருகோணமலைக்கு வந்த இடத்தில் 814ஆவது அணி விமானங்களைக் கரையில் இறக்கியிருந்தார்கள். யப்பானியர் வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் ஏப்ரல் 8 இரவு ஹெர்மீஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கே ஓடியது. காலையில் திரும்பி வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அதைத் தேடி வந்தன. விமானத்தை நோக்கிச் சுடக்கூடிய 4 அங்குலப் பீரங்கி அதில் மூன்றே மூன்று. பெரிய 5.5 அங்குலப் பீரங்கிகள் ஆறும் கடல்மட்டத்தில் வரும் எதிரிக்காக 1918இன் மனதோடு வைத்தவை. ஏறத்தாழ நாற்பது குண்டுகள் விழுந்தன, இருபது நிமிடத்துக்குள் கப்பல் முடிந்தது. உயிர் தப்பிய சுமார் 590 பேரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் அள்ளியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

இப்போது ஹருனாவைப் பார்ப்போம். கோபேயில் கவசாக்கி கட்டிய அந்தக் கப்பல் கொங்கோ வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பின் முதற் கப்பலான கொங்கோவைக் கட்டியது பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவனம் என்பது வேடிக்கையான உண்மை. 1922இன் வாஷிங்டன் உடன்படிக்கை பெரிய போர்க்கப்பல்களைப் புதிதாகக் கட்டுவதைப் பல ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. கட்டக் கூடாது, ஆனால் இருப்பதைத் திருத்தலாம். யப்பானியர் அந்த ஓட்டைக்குள் முழுக் கப்பலையே நுழைத்தார்கள். ஹருனா இரண்டு தடவை புனரமைக்கப்பட்டது. 1920களில் மேற்தளக் கவசம் தடிப்பாக்கப்பட்டது, பக்கவாட்டில் ரொர்பிடோவைத் தாங்கும் புடைப்புகள் சேர்க்கப்பட்டன, மிதவை விமானங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1933இலிருந்து 1935 வரை நடந்த இரண்டாவது வேலையில் கொதிகலன்களும் சுழலிகளும் புதிதாயின, பின்புறம் வெட்டி நீட்டப்பட்டது. நிலக்கரியில் ஓடப் பிறந்த கப்பல் எண்ணெயில் மணிக்கு 30 கடல்மைல் ஓடி விமானந்தாங்கிகளோடு சேர்ந்து போகக் கற்றுக்கொண்டது. ஏப்ரல் 9 அன்று ஹெர்மீஸைக் கண்டது புனரமைப்பில் ஒட்டவைத்த உறுப்பு. அந்தக் கப்பலை முதலில் வரைந்தவர்கள் அதில் விமானம் இருக்கும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அன்றைய யப்பானியத் தாக்குதல் அணிக்குத் தலைமை தாங்கிய அக்காகியும் அப்படித்தான். போர்க்கப்பலாகத் தொடங்கி, நடுவில் விமானந்தாங்கியாக மாறி, மூன்றடுக்குப் பறப்புத் தளங்களோடு சேவைக்கு வந்து, 1935 முதல் 1938 வரை மறுபடி பிரிக்கப்பட்டு ஒற்றைத் தளக் கப்பலானது. இவ்வளவு பொறுமையும் பணமும் யப்பானிடம் எங்கிருந்து வந்தன என்பது வேறு கட்டுரைக்கான விடயம்.

இந்த இடத்தில் புனரமைப்பின் புகழைப் பாடிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அன்று அதே கடலில் ஹொலிஹொக் என்ற கொர்வெட் கப்பலும் மூழ்கியது. அது 1940இல் நீரில் இறக்கப்பட்ட புதுக் கப்பல். நாலு நாள் முன்னர், கொழும்பு தாக்கப்பட்ட உயிர்த்த ஞாயிறன்று, டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு கனரகக் குறூசர்களும் போயின. ஹெர்மீஸைவிட இளையவை, வேகமானவை, பலமானவை. தலைக்குமேல் விமானப் பாதுகாப்பு இல்லாதபோது புதிதென்றும் பழையதென்றும் பேதமில்லை. புனரமைத்த கப்பல்களும் பிறவிக் குறையைச் சுமந்துகொண்டுதான் திரிந்தன. கொங்கோ வகுப்பின் பக்கக் கவசம் கடைசிவரை சுமார் 203 மில்லிமீற்றர்தான். அதே ஆண்டு நவம்பரில் குவாடல்கனாலில் அமெரிக்கக் குறூசரின் குண்டு ஹியே என்ற சகோதரிக் கப்பலின் சுக்கான் அறையை முடக்கியது, மறுநாள் விமானங்கள் வேலையை முடித்தன. இயந்திரம் புதிது, தோல் பழசு.

அன்று ஹெர்மீஸுக்குத் துணையாகப் போய் மூழ்கிய வம்பயர் இந்தக் கேள்விக்கு எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி. அவுஸ்திரேலியக் கடற்படையின் நாசகாரி அது. பிரித்தானியாவில் வைற் கட்டுந்தளத்தில் கட்டி 1917இல் சேவைக்கு வந்து, 1933இல் அவுஸ்திரேலியாவுக்குக் கைமாறியது. மத்தியதரைக் கடலில் இதுவும் இதன் நாலு தோழிகளும் போரிட்டபோது ஜேர்மன் வானொலி அவற்றை இரும்புக் குப்பை என்று கேலி செய்தது, மாலுமிகள் அந்தப் பெயரையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். வம்பயரின் நாலு 4 அங்குலப் பீரங்கிகளும் ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் நிமிராதவை. குத்தாகப் பாய்ந்து வரும் குண்டுவீச்சு விமானம் எழுபது எண்பது பாகையில் வரும். பீரங்கியாளர் தலையை உயர்த்திப் பார்க்கலாம், சுட முடியாது.

வம்பயரின் சகோதரிகள் பிரித்தானியாவில் வேறு வாழ்க்கை வாழ்ந்தன. அந்த வகுப்புக் கப்பல்களைப் பிரித்தானியர் இரண்டு விதமாக மாற்றினார்கள். 1938 முதல் சிலவற்றின் பழைய பீரங்கிகளையும் ரொர்பிடோக் குழாய்களையும் கழற்றி, வானைச் சுடும் இரட்டை 4 அங்குலப் பீரங்கிகளைப் பொருத்தி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரமாகப் போகும் வணிகக் கப்பல்களுக்குக் காவல் வைத்தார்கள். இன்னும் சிலவற்றில் முன் கொதிகலனையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெய்த் தாங்கி வைத்தார்கள். 34 கடல்மைல் வேகம் 25க்குக் கீழே இறங்கியது. ஆனால் அத்திலாந்திக்கை நடுவில் எண்ணெய் நிரப்பாமல் கடக்க முடிந்தது. நீர்மூழ்கியை வேட்டையாட 34 தேவையில்லை, நெடுநாள் கடலில் நிற்பதுதான் தேவை. ஒரு பழைய கப்பலிடம் எதைப் பறித்தால் எது கிடைக்கும் என்று இவ்வளவு தெளிவாக யோசித்த உதாரணம் எனக்கு வேறு தெரியவில்லை. புதுப்பித்தல் என்றாலே நாங்கள் சேர்ப்பதைத்தான் நினைக்கிறோம். அந்தக் கப்பல்களைக் காப்பாற்றியது கழித்ததுதான்.

அந்த வாரம் இந்து சமுத்திரத்தில் நின்ற அட்மிரல் சமர்வில்லின் கீழைத்தேயக் கடற்படையே இந்த வேறுபாட்டால் இரண்டாகப் பிளந்திருந்தது. வோர்ஸ்பைற் என்ற போர்க்கப்பலை 1934 முதல் 1937 வரை போர்ட்ஸ்மத்தில் இருபத்திமூன்று இலட்சம் பவுணுக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்திருந்தார்கள். 24 கொதிகலன்களின் இடத்தில் ஆறு, பீரங்கிகளின் நிமிர்வு 20 பாகையிலிருந்து 30. அது விரைவான அணியில் போனது. புதுப்பிக்கப்படாத றோயல் சொவறின் வகுப்பின் நாலு போர்க்கப்பல்களும் ஹெர்மீஸோடு சேர்ந்து மெதுவான அணி. எண்ணெயும் குடிநீரும் சீக்கிரம் தீர்ந்துபோகிற, மணிக்கு இருபது கடல்மைலைத் தாண்டத் திணறுகிற கப்பல்கள். சேர்ச்சில் அவற்றை மிதக்கும் சவப்பெட்டி என்றே சொன்னார். எதிரி வந்தால் அந்த அணியைப் பாதுகாப்பதே சமர்வில்லுக்குப் பெரிய வேலையானது. காவலுக்கு வந்தவனுக்குக் காவல் போட வேண்டிய நிலை.

இனிக் கொஞ்சம் கப்பலுக்குள் இறங்குவோம். கப்பலில் உண்மையில் எது கிழடாகிறது?

முதலாவது தகடு. உலர்துறையில் ஏற்றிய பழைய கப்பலின் அடியில் தொழிலாளி ஒருவர் உள்ளங்கையளவு இடத்தில் பெயின்றைச் சுரண்டி, அதில் பசையைத் தடவி, மீயொலிக் கருவியின் முனையை அழுத்துவார். திரையில் ஒரு எண் வரும். கட்டும்போது 10 மில்லிமீற்றர் இருந்த தகடு 8.7 என்றால் சோக்பீஸால் குறித்துவிட்டு நகர்வார். 7.4 என்றால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். பொதுவாக நாலில் ஒரு பங்கு தேய்ந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள். வெளித்தகடு பெரும்பாலும் தப்பிவிடும், பெயின்றும் துத்தநாகக் கட்டிகளும் அதைக் காக்கின்றன. அரிப்பு ஒளிந்திருப்பது குளியலறைத் தரையோட்டின் கீழே, சமையலறைக் கழிவுக்குழாயைச் சுற்றி, நங்கூரச் சங்கிலிக் கிடங்கில், இயந்திரத்தின் கீழே எண்ணெயும் உப்புத்தண்ணீரும் கலந்து கிடக்கிற பள்ளத்தில். இயந்திரத்தைத் தூக்காமல் அந்த இடத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் பழைய கப்பலின் மதிப்பீடு எப்போதும் பொய்யாகிறது. திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது, திறந்து பார்த்த பிறகு மூடிவிட்டுப் போகவும் முடியாது.

இரண்டாவது, இடமும் எடையும். ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் கப்பல் கொஞ்சம் பருக்கும். புதிய கருவிக்குப் புதிய வடம் இழுப்பார்கள், செத்த பழைய வடத்தை உருவ நேரமிராது, அது அங்கேயே கிடக்கும். பெயின்றின் மேல் பெயின்று. பாய்மரத்தின் உச்சியில் ஒரு தொன் றேடார் வைத்தால் அடியில் அதைப்போலப் பல மடங்கு நிறையை வைத்துச் சமப்படுத்த வேண்டும். கட்டும்போதே எதிர்காலத்துக்கென்று எடையும் இடமும் மிச்சம் விட்டு வைத்த கப்பல்தான் நீண்ட நாள் வாழும். ஹெர்மீஸிடம் அந்த மிச்சம் இல்லை. ஹருனாவிடம் இருந்தது.

மூன்றாவது மின்சாரமும் குளிரும். இன்றைய மின்னணுக் கருவிகள் மின்சாரத்தைக் குடித்துச் சூட்டைக் கக்குகின்றன. 1970களின் மின்பிறப்பாக்கி அவற்றுக்குப் போதாது. நாலாவது, உதிரிப்பாகம். தகட்டை வெட்டி ஒட்டலாம், நிறுவனமே மூடப்பட்ட ஒரு சுழலியின் அலகை எங்கே போய் வாங்குவது? பெரும்பாலான பழைய கப்பல்களின் மரணச் சான்றிதழில் எழுதவேண்டிய காரணம் இதுதான்.

ஆயுளைக் கூட்டுவதற்கு இன்னொரு வழியும் உண்டு, சுமையைக் குறைப்பது. கல்லடிப் பாலத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஹெர்மீஸ் சேவைக்கு வந்த அதே 1924இல் மட்டக்களப்பு வாவியின் மேல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தை, 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்த பிறகு யாரும் உடைக்கவில்லை. லொறியும் பஸ்ஸும் புதுப் பாலத்துக்குப் போயின, பழையது நடப்பவர்களுக்கு மிஞ்சியது. கப்பலுக்கும் அப்படி ஒரு வேலையிறக்கம் கொடுக்கலாம், போர் வேலையிலிருந்து ரோந்துக்கு, ரோந்திலிருந்து பயிற்சிக்கு. ஒரே ஒரு நிபந்தனை: இறக்கியதை மறுபடி ஏற்றக் கூடாது.

இரண்டாம் உலகப்போரின் பின் இந்த விளையாட்டைப் பெரிய அளவில் ஆடியவர்கள் அமெரிக்கர்கள். போர்க்காலத்தில் கொத்துக்கொத்தாகக் கட்டிய நாசகாரிகள் 1950களின் கடைசியில் ஒரே நேரத்தில் முதுமையடைந்தன. முழுப் புனரமைப்பு எட்டு ஆண்டுக்கு, அரைப் புனரமைப்பு ஐந்து ஆண்டுக்கு என்று கணக்கு வைத்து ஒரு திட்டம் போட்டார்கள். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. எத்தனை ஆண்டு வேண்டும் என்று முதலில் கேட்டு, அதற்கு மட்டும் செலவழித்தார்கள். அப்படித் திருத்தப்பட்ட கியரிங் வகுப்புக் கப்பல்கள் பிறகு பல நாடுகளுக்குப் போய் எட்டு ஆண்டைப் பல தடவை தாண்டின. மெக்சிக்கோ கடைசியாக ஒன்றை 2014இல்தான் ஓய்வுபெறச் செய்தது. பிலிப்பைன்ஸின் ராஜா ஹுமபோன் 1943இல் கட்டிய கப்பல், அமெரிக்க, யப்பானியக் கொடிகளின் கீழ் ஓடிவிட்டு, மூன்றாவது கொடியோடு 2018வரை இருந்தது.

எங்களுக்கு அண்மையில் இந்தியா. ஹெர்மீஸ் என்ற பெயர் மட்டக்களப்புக் கடலோடு முடியவில்லை. அதே பெயரில் 1959இல் சேவைக்கு வந்த இன்னொரு பிரித்தானிய விமானந்தாங்கி 1982இல் போக்லாந்துப் போரில் தலைமைக் கப்பலாகி, 1987இல் இந்தியாவின் விராட் ஆனது. 1989இல் இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த காலத்தில் அந்த இரண்டாவது ஹெர்மீஸ் இந்தப் பக்கக் கடலுக்கு நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது. 1944இல் அடிமரம் வைத்த கப்பல் கொச்சியிலும் மும்பையிலும் மறுபடி மறுபடி திருத்தப்பட்டு 2017 மார்ச்சில்தான் கொடியை இறக்கியது. கடைசிக் காலத்தில் அதன் சிக்கல் உடலல்ல, விமானம். சீ ஹரியர்களுக்குப் புதிய றேடாரும் ஏவுகணையும் பொருத்திப் பார்த்தார்கள், ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. 2016இல் அவை ஓய்வுபெற்றதும் விமானமில்லாத விமானந்தாங்கி மிஞ்சியது. மட்டக்களப்பில் மூழ்கிய மூத்தவளுக்கு ஒரு நாள் நேர்ந்தது, இளையவளுக்கு நிரந்தரமாக நேர்ந்தது. பிறகு குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைத்தார்கள்.

இந்தியாவின் அடுத்த விமானந்தாங்கியான விக்கிரமாதித்யாவின் கதை எச்சரிக்கை. சோவியத் காலத்து அட்மிரல் கொர்ஷ்கோவைப் புனரமைக்க 2004இல் பேசிய விலை 97 கோடி டொலர். திறந்து பார்க்கப் பார்க்க வேலை கூடியது, விலை 235 கோடிவரை ஏறியது, 2008இல் வரவேண்டிய கப்பல் 2013 நவம்பரில் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுச் சோதனை ஓட்டத்தில் முழு வேகத்துக்குப் போனபோது எட்டுக் கொதிகலன்களில் ஏழு பழுதாயின. அஸ்பெஸ்டஸுக்குப் பதிலாக வைத்த செங்கல் காப்பு சூட்டைத் தாங்கவில்லை. மறுபக்கம், 1980இல் சேவைக்கு வந்த ராஜ்புட் என்ற நாசகாரி பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்த முதல் கப்பலாகிச் சோதனைமேடைபோலப் பயன்பட்டு 2021இல் கௌரவமாக விடைபெற்றது. அதற்கு எளிய ஒரு வேலை கொடுத்தார்கள், அதைச் செய்தது.

பணமிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் அமெரிக்காவின் அண்மைக்கால அனுபவத்தைப் பார்க்கலாம். ஏழு குறூசர்களைப் புதுப்பிக்க 2015 முதல் ஏறத்தாழ 370 கோடி டொலர் செலவழித்து, மூன்றுதான் தேறும் என்ற நிலைக்கு வந்ததாக அந்நாட்டின் கணக்காய்வு அலுவலகம் 2024இல் சொன்னது. மற்ற நாலின் மீது கொட்டிய 184 கோடி வீண். பிரித்தானியாவோ 18 ஆண்டுக்கென்று வரைந்த பிரிகேட்டுகளை முப்பதைத் தாண்டி ஓட்டுகிறது. அயன் டியூக் என்ற ஒன்றின் பழுதுபார்ப்புக்கு மட்டும் 10 கோடிப் பவுணுக்கு மேல் போனது. நோர்தம்பர்லண்ட் என்ற இன்னொன்றைத் துறையில் ஏற்றித் திறந்தார்கள். உடற்சேதம் பார்த்ததும் திருத்துவது நட்டம் என்று 2024இல் கைவிட்டார்கள்.

இலங்கைக்கு வருவோம். கடற்படை என்ற சொல் எங்கள் கரையோர மக்களிடையே வேறு பல நினைவுகளையும் எழுப்பும் என்பது எனக்குத் தெரியும். அவற்றை எழுத இது இடமல்ல, இங்கே பேசுவது இரும்பைப் பற்றி.

இலங்கைக் கடற்படையின் பெரிய கப்பல்களில் அனேகமாக எல்லாமே இன்னொருவர் பாவித்தவை. முதற் கப்பலான விஜய, 1944இல் கட்டிய பிரித்தானியக் கண்ணிவாரி. 1959இல் இஸ்ரேலிடம் வாங்கிய கஜபாகு, மகாசேன இரண்டும் உலகப்போரில் கனடாக் கடற்படையில் ஓடியவை. இன்றைய கஜபாகு அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் ஷேர்மன், அங்கே சேவைக்கு வந்தது 1968இல், இங்கே 2019இல். விஜயபாகு அதே வகுப்பின் டக்ளஸ் மன்ரோ, 1971இல் தொடங்கியது, 2022இல் இங்கே. சமுதுர அதே காவல்படையின் 1968இன் கறேஜியஸ். சயுர இந்தியாவின் பழைய சரயூ. பராக்கிரமபாகு சீனாவின் பழைய பிரிகேட். கோவாவில் புதிதாகக் கட்டிய சயுரல, சிந்துரல இரண்டும் இந்தப் பட்டியலில் விதிவிலக்கு.

ஓசியில் வரும் கப்பல் ஓசி அல்ல. ஷேர்மன், மன்ரோ வகுப்பில் இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு: சாதாரண ஓட்டத்துக்கு டீசல், பாய்ச்சலுக்கு வாயுச் சுழலி. பாய்ச்சலில் மணிக்கு 29 கடல்மைல் போகும், எண்ணெயையும் அப்படியே குடிக்கும். 2022இல் மட்டக்களப்பில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மீனவர்களுக்கு எண்ணெயின் விலையை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நாடு டொலருக்கு அல்லாடும்போது இப்படியொரு கப்பலின் உண்மையான ஆயுள் தகட்டின் தடிப்பில் இல்லை, எத்தனை நாள் துறைமுகத்தை விட்டு வெளியே போக முடிகிறது என்பதில் இருக்கிறது.

ஆனால் இந்தப் பழசுகள் உதவாதவை என்று சொல்லவும் முடியாது. 2007இல் சமுதுரவும் சயுரவும் புலிகளின் ஆயுதக் கப்பல்களைத் தேடி அவுஸ்திரேலியாவின் கொக்கோஸ் தீவுகளை அண்மித்த கடல்வரை போய் வந்தன. வழியில் எண்ணெய் கொடுக்கப் பழைய வணிகக் கப்பல்களைத் தயார்படுத்தினார்கள். அந்த நடவடிக்கையை யார் எப்படி மதிப்பிட்டாலும், கப்பல் என்ற அளவில் அது அத்திலாந்திக்கின் கொதிகலன் கழற்றிய நாசகாரிகள் செய்த அதே வேலைதான். வேகமல்ல, தாக்குப்பிடித்தல்.

இந்தக் கடலில் இன்று செய்யவேண்டிய வேலை என்ன? 2020 செப்டெம்பரில் ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயோடு வந்த நியூ டயமன்ட் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்து எரிந்தது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே கொஞ்சத் தூரம். எண்ணெய் கொட்டியிருந்தால் கரைவலையும் களப்பு முகத்துவாரங்களும் எத்தனை ஆண்டுக்கு எழுந்திருக்காது என்று யோசிக்கவே பயம். தீயை அணைத்ததில் இலங்கைக் கப்பல்களோடு இந்தியக் கரையோரக் காவல்படையின் கப்பல்களும் பெரும் பங்கு வகித்தன. அங்கே தேவைப்பட்டது ஏவுகணையல்ல. தண்ணீர் பீச்சும் பம்பு, இழுவைக் கொக்கி, பல நாள் கடலில் நிற்கும் திறன். இவற்றோடு போதைப்பொருள் கடத்தும் படகைத் துரத்துவது, இயந்திரம் நின்று ஆழ்கடலில் அலையும் பலநாட் படகைத் தேடிப் போவது. ஐந்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பொருளாதாரக் கடற்பரப்பைக் காக்கும் அன்றாட வேலை இதுதான். இதற்கு ஐம்பது வயதுக் கப்பல் தாராளமாகப் போதும், உதிரிப்பாகம் இருந்தால்.

ஆகவே இலங்கை தன் பழைய கப்பல்களில் பணம் போடும்போது ஆயுதத்தையும் படம் பிடிக்க அழகான றேடார்க் குமிழ்களையும் விட்டுவிட்டு, டீசல், மின்பிறப்பாக்கி, பம்பு, குழாய் என்று கீழிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். வாயுச் சுழலியை மூடி முத்திரையிட்டு டீசலில் மட்டும் ஓட்டினாலும் குடி முழுகாது. வேகம் குறையும், கள்ளப் படகைத் துரத்தச் சிறு தாக்குதற் படகுகளும் ஹெலிகொப்டரும் இருக்கின்றன. ஒரே வகுப்பில் இரண்டு மூன்று கப்பல் வைத்திருப்பது, ஐந்து வகுப்பில் ஒவ்வொன்று வைத்திருப்பதைவிட நூறு மடங்கு மேல். இன்றைய பட்டியலைப் பாருங்கள்: அமெரிக்கா, இந்தியா, சீனா என்று மூன்று நாட்டு அளவுகோல், மூன்று நாட்டு ஆணி. நட்புக்கு நல்லது, கிடங்குப் பொறுப்பாளருக்குத் தலைவலி.

இந்தக் கோணத்தில்தான் அமெரிக்கா 2024இல் அறிவித்த நாலாவது காவற்கப்பலைப் பார்க்க வேண்டும். டிசைசிவ் என்ற அதுவும் 1968இல் சேவைக்கு வந்தது, 2023இல் ஓய்வுபெற்றது. சமுதுரவின் சொந்த வகுப்பு. இன்னொரு கிழவியை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்பது எளிது. ஆனால் ஒரே வகை டீசல், ஒரே வகைப் பம்பு, ஒரே பயிற்சிப் புத்தகம். சமுதுரவில் பழகிய பொறியாளர் இதிலும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார். இரண்டில் எது முதலில் களைக்கிறதோ அதைக் கழற்றி மற்றதை ஓட்டலாம். அதை எழுத்தில் வைத்து, கழற்றப்படும் கப்பலை மறுபடி கடலுக்கு அனுப்புவதில்லை என்றும் இப்போதே தீர்மானித்துவிட்டால், இந்த இரண்டு கப்பல்களிலிருந்தும் இன்னும் பத்து ஆண்டு வேலை வாங்கலாம் என்பது என் கணிப்பு.